ஒல்லாந்த ஏடுகளில் எங்கட வரலாறு

கந்தோர், நொத்தாரிசு, லாச்சி, போஞ்சி, கக்கூசு. கண்டியில் முஸ்லிம் வீடுகளில் அன்றாடம் காதில் விழும் இந்த ஐந்து சொற்களும் ஒல்லாந்தர் விட்டுச் சென்றவை. 1658 முதல் 1796 வரை கரையோரத்தை ஆண்ட அவர்கள், 1765இல் படையோடு வந்து கண்டி நகரைச் சூறையாடியும் இங்கே நிலைக்க முடியவில்லை. படை திரும்பிப் போனது, சொல் மலையேறி வந்து தங்கிவிட்டது. போஞ்சி, லாச்சி என்ற சொற்களின் கடைசியில் ஒலிக்கும் 'சி' அவர்களது மொழியில் சிறுமையைக் காட்டும் விகுதி. போஞ்சி என்றால் சின்ன அவரை, லாச்சி என்றால் சின்ன இழுப்பறை.

சொல்லோடு விசயம் முடிந்துவிடவில்லை. ஒல்லாந்தக் கம்பெனி விட்டுச் சென்ற ஆவணங்கள் சுமார் இரண்டரைக் கோடிப் பக்கம் என்கிறார்கள். ஹேக், ஜகார்த்தா, கேப்டவுன், சென்னை, கொழும்பு ஆகிய நகரங்களில் அவை இருக்கின்றன. 2003இல் யுனெஸ்கோ அவற்றை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. எங்கட மூதாதையரும் அந்தப் பக்கங்களில் இருக்கிறார்கள். கண்டி மன்னரின் போக்குவரத்துப் பகுதியான மடிகே பத்தவில் பொதிமாடு ஓட்டியவர்கள், மலைநாட்டுப் பாக்கைக் கரைக்குக் கொண்டுபோய் உப்போடு திரும்பியவர்கள், அரண்மனை வைத்தியர்கள், தூது போனவர்கள் எல்லோரும் முஸ்லிம்கள். இதையெல்லாம் விரிவாக எழுதி வைத்தவர் லோர்னா தேவராஜா என்ற சிங்களப் பேராசிரியை. அவருக்கு நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். ஆனால் அந்த வேலையை எங்களில் எத்தனை பேர் தொடர்ந்தோம்?

எங்கட சட்டமும் அந்த மொழி வழியாக வந்ததுதான். பத்தாவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், ஒல்லாந்தர் தொகுத்த முஸ்லிம் சட்டக்கோவை 1770இல் ஆளுநர் பல்க் காலத்தில் இலங்கைக்கு வந்தது. அதை வைத்தே ஆங்கிலேயர் 1806இல் முகம்மதியச் சட்டக்கோவையை வெளியிட்டார்கள். 1852இல் அது கண்டிப் பகுதிக்கும் நீட்டப்பட்டது. திருமணச் சட்டத் திருத்தம் பற்றி இன்று இரு தரப்பும் சூடாகப் பேசுகிறோம். எது மார்க்கம், எது பத்தாவியாவின் எழுதுவினைஞர் எழுதியது என்று பிரித்துப் பார்க்க வேண்டுமென்றால், மூல மொழி தெரிந்தவர் எங்களுக்குள் இருக்க வேண்டாமா?

தமிழ் படித்தவருக்கு இதில் ஒரு வசதி உண்டு. ஒல்லாந்தர் முஸ்லிம்கள் மீதும் செட்டிமார் மீதும் ஒரு கட்டாய வேலையைச் சுமத்தினார்கள். அதை அவர்களது ஏடுகள் 'ஊலியம்' என்று வாசிக்கும்படி எழுதுகின்றன. ஆங்கில 'ஓ', 'ஈ' இரண்டும் சேர்ந்தால் ஒல்லாந்த மொழியில் 'ஊ' ஒலிக்கும். அது எங்கட ஊழியம்! தமிழ் தெரியாதவர் இதை அகராதியில் தேடுவார். தமிழ் தெரிந்தவருக்குப் பார்த்த மாத்திரத்தில் விளங்கும். மரைக்கார், லெப்பை போன்ற பெயர்களும் அப்படித்தான்.

இது நடக்காத காரியம் இல்லை. யாழ்ப்பாணத்தவரான சின்னப்பா அரசரத்தினம் ஒல்லாந்தம் கற்று, இலங்கையில் ஒல்லாந்தர் ஆட்சி பற்றிய நூலை 1958இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியிட்டார். பேராதனையில் படிப்பித்தவர் அவர். பின்னர் மலாயாவிலும் அவுஸ்திரேலியாவிலும் இருந்துகொண்டு சோழமண்டலத்து மரைக்கார் வணிகர் பற்றியும் எழுதினார். எங்கட வணிகரின் கதையை உலகுக்குச் சொன்னதில் அவருக்குப் பெரிய பங்குண்டு.

வகுப்பில் இதைச் சொன்னால் உயர்தரப் பிள்ளைகள், "சேர், அதப் படிச்சு என்ன தொழில் கிடைக்கும்?" என்று கேக்கிறாங்க. நியாயமான கேள்வி. தொழிலுக்கு உத்தரவாதம் தர என்னால் முடியாது. ஆனால் கடினம் என்று மட்டும் ஒதுக்க வேண்டாம். ஆங்கிலம், ஜேர்மன், ஒல்லாந்தம் மூன்றும் ஒரு குடும்பத்துச் சகோதரிகள். ஆங்கிலத்தில் 'ஹவுஸ்' என்பதை ஜேர்மனியரும் 'ஹவுஸ்' என்றே சொல்கிறார்கள், ஒல்லாந்தத்தில் அது 'ஹொய்ஸ்'. கக்கூசின் பின்பாதியும் அந்த வீடுதான். ஆங்கிலம் தெரிந்த பிள்ளை பாதித்தூரம் வந்தாயிற்று.

அக்குரணை, மடவளை, கம்பளை என்று எங்கட ஊர்ச் சங்கங்கள் மருத்துவம், பொறியியல் படிக்கும் பிள்ளைகளுக்குப் புலமைப்பரிசில் கொடுக்கின்றன. நல்ல காரியம். வருடத்துக்கு ஒன்றை, வரலாற்றோடு ஒல்லாந்தமும் படிக்க முன்வரும் ஒரு பிள்ளைக்கு ஒதுக்கினால் என்ன? பத்து வருடத்தில் பத்துப் பேர் வேண்டாம், ஒருவர் நிலைத்தாலே போதும். பிறர் தேடித் தந்ததை மேற்கோள் காட்டும் சமூகம், தன் கையால் ஏட்டைப் புரட்டத் தொடங்கும்.