கஹ்வாவின் விலையும் கொள்வோர் வழக்கமும்

பழைய அரபுக் கவிதைகளில் ‘கஹ்வா’ என்பது மதுவின் பெயர்களுள் ஒன்று. ஹிஜ்ரி 9ஆம் நூற்றாண்டில், அதாவது கி.பி. 15ஆம் நூற்றாண்டில், யமன் நாட்டு சூஃபிகள் இரவு திக்ருக்கு விழித்திருக்க அருந்திய பானத்திற்கு அப்பெயர் வந்து சேர்ந்தது. அது ஆகுமா, ஆகாதா என்ற விவாதம் எழுந்ததையும், 1511இல் மக்காவில் அது தடை செய்யப்பட்டதையும், பின்னர் அப்துல் காதிர் அல்ஜஸீரி அது ஆகும் என நிறுவித் தனி நூல் இயற்றியதையும் வாசகர்களுள் பலர் அறிவர். அதே கஹ்வாவின் விலை வரலாறு அத்துணை பேசப்படுவதில்லை. ஈண்டு நாம் அதனையே எடுத்துக்கொள்கிறோம்.

16, 17ஆம் நூற்றாண்டுகளில் உலகச் சந்தைக்கு வந்த காப்பிக்கொட்டை ஏறத்தாழ முழுவதும் யமனிலிருந்தே வந்தது. மலைச்சரிவில் படிப்படியாகக் கல்லடுக்கிக் கட்டிய சிறு தோட்டங்களில் அது விளைந்தது. நட்ட செடி காய்க்க மூன்று, நான்கு ஆண்டுகள் செல்லும். ஆதலால் விலை ஏறியவுடன் விளைச்சலைப் பெருக்க இயலாது. மலையிலிருந்து பைத்துல் ஃபகீஹ் சந்தைக்கு வந்த மூட்டை, துறைமுகம் சென்று, ஜித்தா, சூயஸ் வழியாகக் கெய்ரோவை அடைந்து, அலெக்சாந்திரியாவில் மீண்டும் கப்பலேறி இஸ்தான்பூல் சேர்ந்தது. ஒவ்வொரு நிலையிலும் சுங்கமும் சுமைகூலியும் இலாபமும் விலையோடு கூடின. விளைவித்த யமனியோ கொட்டையை விற்றுவிட்டு, அதன் தோலைக் காய்ச்சிய ‘கிஷ்ர்’ பானத்தை அருந்தினார். அவ்வழக்கம் இன்றும் அங்கு உண்டு.

18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பியக் கப்பல்கள் போட்டியிட்டு வாங்கியதால் மோக்காவில் விலை உயர்ந்தது. அதற்கு முன்னரே டச்சுக் கம்பெனி மாற்றுவழி தேடத் தொடங்கியிருந்தது. 1696இல் மலபார்க் கரையிலிருந்து காப்பிச் செடிகள் ஜாவாவுக்குச் சென்றன. 1711இல் ஜாவாக் காப்பி ஆம்ஸ்டர்டாம் சந்தைக்கு வந்தது. 1715இல் பிரெஞ்சுக்காரர் யமன் செடிகளை இந்தியப் பெருங்கடலின் பூர்போன் தீவுக்குக் கொண்டுசென்றனர். 1720களில் கரீபியன் தீவுகளிலும் காப்பி வேரூன்றியது.

இதன்பின் நிகழ்ந்ததே நம் கவனத்திற்குரியது. 1730கள் முதல் மார்சேய் வணிகர்கள் கரீபியன் காப்பியை உஸ்மானியத் துறைமுகங்களுக்கே கொண்டுவந்து விற்றனர். யமன் அண்டையில் இருக்க, பெருங்கடலைக் கடந்து வந்த சரக்கு அதனினும் மலிவாக விலைபோயிற்று! சுவையறிந்த செல்வர்கள் யமன் கொட்டையை விடவில்லை. எளியோர் மலிவானதை வாங்கினர். இடைப்பட்ட வணிகர் இரண்டையும் கலந்து விற்றனர். கொள்வோர் மூவகையினராகப் பிரிந்தனர்; எனினும், இம்மலிவு எங்ஙனம் வந்தது என்ற கேள்வி விலை பேசும் இடத்தில் எழவில்லை.

விடை கடலுக்கு அப்பால் இருந்தது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் உலகக் காப்பியில் பாதியளவு சான் டொமிங்கு என்ற ஒரே பிரெஞ்சுக் குடியேற்றத்திலிருந்து வந்தது. அங்கே ஏறத்தாழ 5 இலட்சம் ஆப்பிரிக்க அடிமைகள் கூலியின்றி உழைத்தனர். 1791இல் அவர்கள் கிளர்ந்தெழுந்தபோது தோட்டங்கள் அழிந்தன. காப்பி விலையும் ஏறியது. ஜாவாவின் பிரியாங்கன் மலைநாட்டில், டச்சுக் கம்பெனி குறித்த விலைக்கே மக்கள் கொட்டையை ஒப்படைக்க வேண்டியிருந்தது. 1720களில் கம்பெனி அவ்விலையையும் வெகுவாகக் குறைத்தது. அவர்களுக்கு வேறு வாங்குவோர் இல்லை.

மதீனாவில் விலை ஏறியபோது விலை நிர்ணயம் செய்யுமாறு மக்கள் வேண்ட, அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அதற்கு இணங்கவில்லை என்றும், எவருடைய உயிருக்கும் பொருளுக்கும் அநீதி இழைக்காதவராக இறைவனைச் சந்திக்கவே விரும்பினார்கள் என்றும் அனஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பு கூறுகிறது. இமாம் இப்னு தைமிய்யா (ரஹ்) தம் ‘அல்ஹிஸ்பா’ நூலில் இதனை நுணுகி ஆராய்கிறார். சரக்குக் குறைந்தோ தேவை மிகுந்தோ விலை ஏறினால் விற்பவரை வற்புறுத்தல் அநீதி. விற்போர் கூடிப் பேசி மக்களை நெருக்கினால் தலையிடுவதே நீதி. அவர் இன்னொன்றும் கூறுகிறார்: வாங்குவோர் கூடிக்கொண்டு, பிறர் சரக்கின் மதிப்பைக் குறைத்து வாங்குவதும் தடுக்கப்பட வேண்டியதே. பிரியாங்கன் உழவர் நிலையைப் பார்க்கையில் இக்கூற்றின் ஆழம் புலனாகிறது. விலையேற்றத்தில் மட்டுமன்றி, மலிவிலும் அநீதி ஒளிந்திருக்கக்கூடும்.

நம் காலத்திலும் இவ்விரு நிலைகளையும் கண்டோம். பன்னாட்டுக் காப்பி ஒப்பந்தத்தின் ஏற்றுமதிப் பங்கீட்டு முறை 1989 ஜூலையில் குலைந்தபின், விலை சரிந்து உழவர் நொடித்தனர். கடையில் காப்பி அருந்தியோர் அதனைப் பெரிதும் உணரவில்லை. 2025 பிப்ரவரியில் நியூயார்க் சந்தையில் அராபிகா பவுண்டுக்கு 4 டாலரைக் கடந்தபோதோ, முணுமுணுப்பு எங்கும் கேட்டது. விலை ஏறும்போது காரணம் கேட்கும் நாம், இறங்கும்போதும் கேட்கப் பழகுவோமாயின், அல்ஹிஸ்பாவின் அப்பக்கத்தை நாம் உண்மையாகவே படித்தவராவோம்.