டொமைன் பதிவாளர் மாற்றம்

ஓர் இணைய முகவரிப் பெயரின் (டொமைன்) நிர்வாகத்தை ஒரு பதிவாளர் நிறுவனத்திடமிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொள்வது. பெயரின் உரிமை வாடிக்கையாளரிடமே தொடரும். .காம், .ஆர்க் போன்ற பொதுப் பின்னொட்டுகளுக்கான விதிகளை ஐகான் அமைப்பு வகுக்கிறது. நாட்டுப் பின்னொட்டுகளுக்குத் தனி விதிகள் உண்டு.

முதலில் பழைய பதிவாளரின் கணக்கில் மாற்றத் தடைப் பூட்டை நீக்க வேண்டும். பிறகு அங்கீகாரக் குறியீட்டைப் பெற்றுப் புதிய பதிவாளரிடம் கொடுக்க வேண்டும். கணக்குப் பக்கத்தில் அது கிடைக்காவிட்டால், கேட்ட 5 நாட்களுக்குள் பழைய பதிவாளர் தந்தாக வேண்டும். மாற்றக் கோரிக்கை சென்றபின் பழைய பதிவாளர் 5 நாட்கள் மௌனமாக இருந்தால் அது சம்மதமாகவே கொள்ளப்படும். மோசடிச் சந்தேகம், பழைய பாக்கி போன்ற காரணங்களுக்காக அவர் மறுக்கலாம். வாடிக்கையாளரை இழக்க மனமில்லை என்பது காரணமாகாது. புதிதாகப் பதிந்த பெயர் 60 நாட்கள் வரை பொதுவாக நகராது.

.காம் பெயரை மாற்றும்போது பதிவுக் காலத்தில் ஓராண்டு கூடும். மொத்தம் 10 ஆண்டுகளைத் தாண்டாது.

பூட்டும் குறியீடும் வெறும் சடங்கல்ல. 2005 ஜனவரியில் நியூயார்க்கின் பானிக்ஸ் என்ற இணையச் சேவை நிறுவனத்தின் பெயர் அதன் அனுமதியின்றி வேறு பதிவாளருக்கு மாற்றப்பட்டது. வாடிக்கையாளர்களின் மின்னஞ்சல் முடங்கியது.

பலர் தடுக்கி விழும் இடம் வேறு. தளமும் மின்னஞ்சலும் இந்த மாற்றத்தோடு இடம்பெயர்வதில்லை. பெயர் எந்தக் கணினியைச் சுட்டுகிறது எனச் சொல்லும் பெயர்ச் சேவையகம் பழைய பதிவாளருடையதாக இருந்தால், அதன் பதிவுகளை முன்கூட்டியே நகலெடுத்து வேறிடத்தில் அமைத்துக்கொள்ள வேண்டும்.