களத்தில் இறங்க மறுத்தவர்கள்



போன வாரம் என்னிடம் படித்த ஒருவர் போன் செய்தார். வகுப்பில் நான் சொன்ன எரிக் லிடெல் கதையைத் தன் மகனுக்குச் சொன்னாராம். அதைக் கேட்ட பையன், "நம்பிக்கைக்காக ஒருத்தர் விளையாட மாட்டேன்னு சொன்னா அது எப்பவுமே சரிதானா? உங்க சாரைக் கேளுங்கப்பா" என்றானாம். போனில் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. அதனால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

மறந்தவர்களுக்காக லிடெல் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஸ்காட்லாந்து ஓட்டக்காரர். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டரில் பதக்கம் வாங்குவார் என்று எதிர்பார்க்கப்பட்டவர். தகுதிச் சுற்று ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஞாயிறு இறைவனுக்குரிய நாள் என்று அதிலிருந்து விலகிக்கொண்டார். ஆனால் 400 மீட்டரில் 47.6 வினாடியில் ஓடி, அன்றைய உலக சாதனையோடு தங்கம் வென்றார். பிறகு சீனாவுக்குப் போய்ப் பள்ளி ஆசிரியராக வேலை பார்த்தார். 1945இல் ஜப்பானியரின் தடுப்பு முகாமில் இறந்தார்.

இந்தக் கதையை முப்பது வருடம் சொல்லியிருக்கிறேன். அதில் ஒன்றை மட்டும் உங்களிடம் சொன்னதில்லை. லிடெல் விலகியதால் வந்த நஷ்டம் அவருக்கு மட்டும்தான். மற்றவர்கள் ஓட வேண்டிய ஓட்டம் அப்படியே நடந்தது. ஹரால்ட் ஆபிரகாம்ஸ் ஓடி ஜெயித்தார்.

இப்போது வேறொரு சம்பவம். 2011 பிப்ரவரி, அமெரிக்காவின் அயோவா மாநிலம், டெஸ் மொய்ன் நகரம். நம் பக்கம் கபடி போல அங்கே மல்யுத்தம். பள்ளிகளுக்கான மாநிலப் போட்டியின் 85 வருட வரலாற்றில் முதன்முறையாக இரண்டு பெண்கள் தகுதி பெற்றிருந்தார்கள். பெண்களுக்கென்று தனிப் போட்டி அப்போது அங்கே இல்லை. ஆண் பிள்ளைகளோடு மோதித்தான் வந்தார்கள்.

112 பவுண்டு, அதாவது சுமார் 51 கிலோ எடைப் பிரிவு. முதல் சுற்றில் அந்தப் பெண்களில் ஒருத்திக்கு எதிராக ஒரு பையன். அந்தப் பருவத்தில் 35 போட்டிகளில் ஜெயித்து 4இல் மட்டும் தோற்றவன். அப்பா மதபோதகர். அவன் மோதவில்லை. மல்யுத்தம் வன்முறையாகவும் மாறக்கூடிய விளையாட்டு, ஒரு பெண்ணோடு அப்படி மோத என் மனசாட்சியும் நம்பிக்கையும் இடம் கொடுக்கவில்லை என்ற பொருளில் அறிக்கை கொடுத்தான். அந்த இரண்டு பெண்களின் சாதனையை மதிப்பதாகவும் அதிலேயே சொன்னான். பட்டம் வெல்லும் வாய்ப்பு அத்தோடு போனது. பெண்ணின் தகப்பனார் அந்தக் குடும்பத்தின் முடிவை மதிப்பதாகப் பெருந்தன்மையோடு பேசினார். நடுவர் பெண்ணின் கையை உயர்த்தினார். மாநிலப் போட்டியில் ஒரு பெண் பெற்ற முதல் வெற்றி அது. ஆனால் அவள் யாரையும் வீழ்த்தவில்லை. அடுத்த சுற்றில் தோற்றாள்.

2019இல் கொலராடோ மாநிலத்திலும் இப்படியே நடந்தது. 106 பவுண்டுப் பிரிவில் ஒரு மாணவன் இரண்டு பெண்களோடு மோத மறுத்து வெளியேறினான். அது அவனுடைய பள்ளி வாழ்க்கையின் கடைசி வருடம். அந்தப் பெண்கள் இருவரும் 4ஆம், 5ஆம் இடங்களைப் பிடித்தார்கள். அந்த மாநிலப் போட்டியில் பெண்கள் இடம் பிடித்தது அதுவே முதல் முறை. இவர்கள் பெயர்களெல்லாம் அன்றைய செய்திகளில் இருக்கின்றன. பள்ளிப் பிள்ளைகள் என்பதால் நான் எழுதவில்லை.

இந்தப் பையன்களைக் கோழை என்று நான் சொல்ல மாட்டேன். உழைத்து வந்த இடத்தை விட்டுக்கொடுப்பது சுலபம் இல்லை. ஆனால் லிடெலுக்கும் இவர்களுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. இங்கே எதிரில் ஒருத்தி நின்றாள். அவளும் வருடக்கணக்கில் பயிற்சி எடுத்தவள். தன் பலத்தைக் காட்ட அவளுக்குக் கிடைத்த நேரமும் அத்தோடு போயிற்று.

எனக்கு இது இப்போதுதான் உறைக்கிறது என்றால் அதற்கு ஒரு காரணம் உண்டு.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு விளையாட்டு விழாவில் சிலம்பத் தொடுமுறைப் போட்டி வைத்தோம். தாத்தாவிடம் கம்பு கற்ற ஒரு எட்டாம் வகுப்புப் பெண் பெயர் கொடுத்தாள். பெண்களில் வேறு யாரும் இல்லை. அதனால் பையன்களோடு சேர்த்தேன். இறுதிப் போட்டியில் எதிரே நின்ற பையன் கம்பைக் கீழே வைத்துவிட்டு, "பொம்பளப் புள்ளைய அடிக்க மாட்டேன் சார்" என்றான். கூட்டம் கைதட்டியது. மறுநாள் காலை வழிபாட்டில் அவனைப் பாராட்டிப் பேசினேன். பரிசை அவளுக்குக் கொடுத்தோம். அவள் அதை ஆசிரியர் அறைக்குக் கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டு, "நான் ஜெயிக்கலையே சார்" என்றாள். "கொடுத்தா வாங்கிக்கணும்மா" என்று அனுப்பிவிட்டேன். அடுத்த வருடம் அவள் பெயர் கொடுக்கவில்லை. ஏன் என்று நான் கேட்கவும் இல்லை.

அமெரிக்காவில் பிறகு வழி பிறந்தது. கொலராடோவில் 2020-21 முதலும், அயோவாவில் 2022-23 முதலும் பள்ளிப் பெண்களுக்கு முறையான தனி மல்யுத்தப் போட்டிகள் நடக்கின்றன. ஒலிம்பிக்கில் பெண்கள் மல்யுத்தம் 2004இலேயே வந்துவிட்டது. பள்ளிகளில் பெரியவர்கள் இதை முன்பே செய்திருந்தால், அந்தப் பிள்ளைகள் அன்று அப்படி எதிரெதிரே நின்றிருக்க மாட்டார்கள். நானும் அந்த வருடம் நாலு பெண்களுக்குக் கம்பு கற்றுத்தர ஏற்பாடு செய்திருக்கலாம்.

ஆகையால் தம்பி, உன் கேள்விக்கு என் பதில் இது. ஒருவர் மனசாட்சிப்படி மறுக்கலாம், அதை மதிக்க வேண்டும். ஆனால் மறுத்தவரைப் பாராட்டுவதற்கு முன்னால், எதிரே நின்றவரிடம் போய் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். நான் கேட்கவில்லை.

அந்த மாணவி இதைப் படிக்க நேர்ந்தால், அம்மா, அந்தப் பரிசுக் கோப்பை ரொம்ப நாள் என் அலமாரியில்தான் இருந்தது. என்னை மன்னித்துவிடு.

உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்.