'செக்' என்னும் சொல்லின் வரலாறு

வங்கியில் கொடுப்பது செக். கட்டம் போட்ட சட்டையும் செக். வண்டியை மறிக்குமிடம் செக்போஸ்ட். கணக்கைச் சரிபார்ப்பதும், சதுரங்கத்தில் அரசனுக்கு வைப்பதும் செக்தான். இத்தனைக்கும் வேர் ஒன்றே.

பாரசீகத்தில் 'ஷா' என்றால் அரசன். ஆட்சியைக் குறிக்கும் வடமொழியின் 'க்ஷத்ர' என்பதும் இதற்கு உறவுச் சொல். இந்தியாவில் பிறந்த சதுரங்கம் பாரசீகம் சென்றபோது, எதிரியின் அரசனைத் தாக்குகையில் 'ஷா' என்று எச்சரிப்பது மரபாயிற்று. அரபியர் வழியாக ஐரோப்பாவை அடைந்த அச்சொல் பழைய பிரெஞ்சில் 'எஷெக்' என்றும், ஆங்கிலத்தில் 'செக்' என்றும் திரிந்தது. அதன் பிரெஞ்சுப் பன்மையிலிருந்து வந்ததே 'செஸ்'.

அரசனுக்கு ஆபத்து வந்தால் மற்றத் திட்டங்களை நிறுத்திவிட்டு அவனைத்தான் காக்க வேண்டும். இதனால் செக் என்பதற்குத் 'தடை' என்ற பொருள் கிளைத்தது. தவறு நேராமல் தடுப்பதற்காகப் பார்ப்பது 'சரிபார்த்தல்' ஆயிற்று.

மற்றொரு கிளை சதுரங்கப் பலகையிலிருந்து வந்தது. இங்கிலாந்தில் இரண்டாம் ஹென்றி காலத்து அரசுக் கணக்கு மேசையைப் பொருளாளர் ரிச்சர்டு ஃபிட்ஸ்நீல் 1170களில் விவரித்து எழுதினார். பத்தடி நீளம், ஐந்தடி அகலம். விளிம்பு நான்கு விரல் உயரம். மேலே கோடிட்ட கறுப்புத் துணி. அதன்மேல் காய்களை வைத்து, நகர்த்தி, மாவட்ட அதிகாரிகள் கட்டவேண்டிய வரியைக் கணக்கிட்டார்கள். மேசை சதுரங்கப் பலகையைப் போலிருந்ததால் அந்தக் கணக்கு அலுவலகமே 'எக்ஸ்செக்கர்' எனப்பட்டது. பிரிட்டனின் நிதியமைச்சர் பதவிப் பெயரில் அச்சொல் இன்றும் நிற்கிறது. சட்டைத் துணியின் கட்டங்களுக்குச் செக் என்ற பெயரும் சதுரங்கப் பலகை தந்ததே.

பதினெட்டாம் நூற்றாண்டில், மோசடியைத் தடுக்கப் பணப் பத்திரத்திலிருந்து பிரித்து வைத்துக்கொண்ட அடிக்கட்டைக்குச் செக் என்று பெயர். பிறகு பணம் தரச் சொல்லும் தாளுக்கே அப்பெயர் சென்றது. பிரிட்டனில் எக்ஸ்செக்கரின் சாயலில் அதன் எழுத்துக்கூட்டல் மாறியது. அமெரிக்கர் பழைய எழுத்துகளையே வைத்துக்கொண்டனர்.

தமிழில் காசோலை, சரிபார்ப்பு, சோதனைச் சாவடி, கட்டம் என ஒவ்வொரு பொருளுக்கும் தனிச்சொல் இருக்கிறது. எனவே அகராதி ஆக்குவோருக்கும் ஆசிரியர்களுக்கும் என் வேண்டுகோள் இது: ஆங்கிலச் சொல்லுக்கு நேராகப் பொருள்களை வெறும் பட்டியலாக அடுக்காதீர்கள். ஒரு பொருளிலிருந்து மற்றொன்று கிளைத்த வழியையும் சேர்த்துச் சொல்லுங்கள். வழி தெரிந்த மாணவன், எந்த இடத்தில் எந்தத் தமிழ்ச்சொல் பொருந்தும் என்பதைத் தானே கண்டுகொள்வான்.