பாட்டி மெஷினுக்குப் பெயிண்ட் அடிக்காதீங்க!

ஊரிலிருந்து கொண்டுவந்த பழைய சிங்கர் தையல் மெஷின் நம்மில் சிலர் வீட்டில் இருக்கும். மங்கிப் போச்சே என்று பெயிண்ட் டப்பாவைத் தேடும் முன் கொஞ்சம் பொறுங்கள்.

அந்தக் கறுப்பு வெறும் பெயிண்ட் இல்லை. 'ஜப்பானிங்' என்று பெயர். ஜப்பானிய அரக்கு வேலையைப் பார்த்து ஐரோப்பியர்கள் செய்த நகல். நிலக்கீல், ஆளிவிதை எண்ணெய், டர்பன்டைன் கலந்து வார்ப்பிரும்பில் பூசி, சூளையில் சுடுவார்கள். அதன்மேல் தங்கநிறச் சித்திரம். அதற்கும் மேலே வார்னிஷ்.

நம் நாட்டுப் பழைய சிங்கர்களில் பல, 1885 முதல் 1980 வரை ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்கில் இயங்கிய ஆலையில் செய்தவை. ஆனால் பல பழைய மெஷின்களின் மேல்பூச்சு ஷெல்லாக், அதாவது நம்ம அரக்கு! உலகுக்கு அரக்கு கொடுத்ததில் இந்தியாவுக்குப் பெரும்பங்கு. அதற்கென்றே 1924-ல் ராஞ்சி அருகே ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள்.

இங்கேதான் ஆபத்து. அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் பளபளப்போடு தங்கச் சித்திரமும் போய்விடும்.

அதனால் நான் தண்ணீர், ஸ்பிரிட், தின்னர் எதுவும் தொடுவதில்லை. தையல் மெஷின் எண்ணெயைப் பஞ்சில் தொட்டு, முதலில் மறைவான இடத்தில் துடைத்துப் பார்ப்பேன். நிறம் பஞ்சில் ஒட்டாவிட்டால் மட்டும் மற்ற இடங்கள். அழுக்கு போனாலே பாதி பளபளப்பு திரும்பிவிடும். பாட்டி கை பட்டுத் தேய்ந்த இடம் தேய்ந்தபடியே இருக்கட்டும். சுரண்டிப் பெயிண்ட் அடித்தால் திரும்பக் கிடைக்காதது அதுதான்.