'நிலையான' என்னும் அடை: கல்கத்தா நிலவரி அறிவிப்பும் அதன் சொற்பொருளும்

நிலைபேற்றைக் குறிக்கும் ஆங்கில அடைச்சொற்களுள் 'பெர்மனென்ட்' என்பதைப் போல் வரலாற்றில் வினைபுரிந்த சொல் பிறிதொன்றைக் காண்டல் அரிது. 1793 மார்ச் 22 அன்று கல்கத்தாவில் காரன்வாலிஸ் வெளியிட்ட அறிவிப்பு, அதற்கு முன் பத்தாண்டுகளுக்கென விதிக்கப்பட்டிருந்த நிலவரியை என்றும் மாறாததாக்கிற்று. அவசரம் வேண்டா என்ற ஜான் ஷோரின் மறுப்பு எடுபடவில்லை.

அச்சொல் எதற்கு அடையாயிற்று என்பதே இங்கு ஆராயத்தக்கது. மாறாதிருந்தது அரசுக்குரிய தொகை மட்டுமே. குத்தகையில் பதினொன்றில் பத்துப் பங்கு என மதிப்பிடப்பட்ட அத்தொகையைக் குறித்த நாளில் கதிரவன் மறையுமுன் செலுத்தாத ஜமீன்தாரின் நிலம் ஏலத்திற்கு வந்தது. பழைய ஜமீன்கள் பல இவ்வாறு கைமாறின. வரி நிலைத்தது, வரி கொடுத்தவர் நிலைக்கவில்லை. உழுதவன் ஜமீன்தாருக்குத் தரும் குத்தகைக்கோ அந்த அடை பொருந்தவே இல்லை. 1799ஆம் ஆண்டின் ஏழாம் ஒழுங்குமுறை, நிலுவைக்காக அவன் உடைமையைப் பறிமுதல் செய்யும் அதிகாரத்தை ஜமீன்தாருக்கு வலுப்படுத்திற்று. அவனுக்கு ஓரளவு காப்பளித்தவை 1859, 1885ஆம் ஆண்டுச் சட்டங்களே.

மொழிபெயர்ப்பிலும் ஒரு நுட்பம் உண்டு. வங்காளியர் இதனைச் 'சிரஸ்தாயி பந்தோபஸ்த' என்றனர். இதிலுள்ள 'ஸ்தா' என்னும் வேரும் ஆங்கில 'ஸ்டெடி'யின் வேரும் ஓரினத்தன. பாரசீக ஆவணங்களின் 'இஸ்திம்ரார்' என்பதோ அரபு மூலமுடையது. நிற்றலை அன்று, இடையறாது தொடர்தலைச் சுட்டுவது. 1802ஆம் ஆண்டின் 25ஆம் ஒழுங்குமுறையால் இம்முறை சென்னை மாகாணத்திற்கு வந்தபோது இந்தச் சொல்லே சன்னதுகளில் ஏறியது. 'இஸ்திமிரார் ஜமீன்தார்' என்ற வழக்கைச் சிவகங்கை வரலாற்றில் காணலாம். தமிழில் பின்னர் வழங்கிய 'நிலையான நிலவரித் திட்டம்' என்ற தொடரில் 'நில்' என்னும் அடியே நிலைக்கும் நிலத்திற்கும் பொதுவாய் நிற்பது நயமுடையது. 'பந்தோபஸ்து' மட்டும் வரியை விட்டுக் காவல்துறைக்குக் குடிபெயர்ந்தது!

சென்னை மாகாணத்தில் 1948ஆம் ஆண்டின் 26ஆம் சட்டம் இவ்வகை ஜமீன்களை ஒழித்து ரயத்துவாரியாக மாற்றியது. மேற்கு வங்கத்தில் 1953ஆம் ஆண்டு நிறைவேறிய நில உடைமை கையகப்படுத்தும் சட்டம் அப்பணியைச் செய்தது. 'என்றென்றைக்கும்' என்று கல்கத்தாவில் அறிவிக்கப்பட்டதற்கும் அதற்கும் இடைப்பட்ட காலம் 160 ஆண்டுகள்.