பொன் ஓரம் பிரியாத குறள்



போன வாரம் கொற்கை வீட்டில் அலமாரியைத் துடைக்கும்போது, பணி நிறைவு விழாவில் நீங்கள் கொடுத்த திருக்குறள் கைக்கு வந்தது. வெல்வெட் பெட்டி, கெட்டி அட்டை, தாள்களின் ஓரத்தில் பொன்பூச்சு. திறந்தால் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றன. தாள்களை அடுக்கி இறுக்கி ஓரத்தில் பூசுவதால் புதுப் புத்தகம் அப்படித்தான் இருக்கும், புரட்டினால்தான் பிரியும். எட்டு வருடமாக நான் புரட்டவே இல்லை. குறள் ஒப்பிக்காததற்கு உங்களைப் பெஞ்சு மேல் ஏற்றிய அதே வாத்தியார்தான்!

பக்கத்திலேயே என் பழைய மு.வ. தெளிவுரை. அட்டை போய், எண்ணெய்க் கறை படிந்து, நூல் கட்டிக் கிடக்கிறது. பயிற்சிப் பள்ளி நாளிலிருந்து சட்டைப் பையில் திரிந்த புத்தகம்.

1812இல்தான் குறள் முதலில் அச்சேறியது. அதுவரை ஏட்டுச்சுவடி, வைத்திருந்தவர் கொடுத்தால்தான் படிக்கலாம். 1920இல் நம் திருநெல்வேலியில் தொடங்கிய சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகம் 1949இல் மு. வரதராசனாரின் தெளிவுரையைக் கையடக்கமாக வெளியிட்டது. எத்தனையோ கல்யாண வீடுகளில் தாம்பூலப் பையில் அதுதான் போனது. அதுவும் பரிசுப் புத்தகம்தானே? ஆனால் பஸ்ஸில் நின்றுகொண்டே படிக்கலாம். 1950களில் மர்ரே எஸ். ராஜம் பழந்தமிழ் நூல்களைச் சந்தி பிரித்து ஒரு ரூபாய்க்குக் கொடுத்தார். அலங்காரம் கிடையாது, எழுத்துக்கூட்டிப் படிப்பவனுக்கும் வரி புரிந்தது.

வெளிநாட்டுக் கதை ஒன்று. நம் கவிமணி தமிழில் தந்தாரே, அந்த உமர் கய்யாம் பாடல்களை ஃபிட்ஸ்ஜெரால்டு 1859இல் ஆங்கிலத்தில் வெளியிட்டபோது வாங்க ஆளில்லை. லண்டன் புத்தகக் கடைக்காரர் ஒரு பென்னிப் பெட்டியில் போட்டார். அதிலிருந்து எடுத்தவர்கள் படித்து, பேசி, புகழ் பரவியது. பிற்பாடு அதே நூலின் பிரதி ஒன்றுக்கு ஆயிரத்துக்கு மேல் ரத்தினக் கற்கள் பதித்து லண்டனில் அட்டை கட்டினார்கள். 1912இல் 405 பவுனுக்கு ஏலம் போய், டைட்டானிக்கில் அமெரிக்கா புறப்பட்டது. கப்பலோடு கடலில்தான் கிடக்கிறது.

முத்துக் குளித்த ஊர்க்காரன் நான். சிப்பியை உடைக்காமல் அலமாரியில் வைத்தவனை இந்தக் கரையில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

உங்களைக் குறை சொல்லவில்லை, பிள்ளைகளே. காசு சேர்த்து ஆசையாய் வாங்கியது. எழுத்தும் பெரிது, இந்தக் கண்ணுக்கு இப்போது மு.வ.வின் பொடி எழுத்து எட்டவில்லை. அழுக்காகிவிடுமே என்று பூட்டி வைத்தது என் பிழை.

திங்கட்கிழமையிலிருந்து காலைக் காப்பிக்குப் பிறகு பிரித்து வருகிறேன். ஓரம் கொஞ்சம் உதிர்கிறது, வேட்டியெல்லாம் பொன்தூள். பேத்தி சிரிக்கிறாள். இன்றோடு 14 அதிகாரம். ஒழுக்கமுடைமை வரை வந்திருக்கிறேன்.